வயோலா: மீன் பிடித்த கப்பல் கண்ணிவெடி வாரிய கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதல் உலகப் போரில் பிரிட்டன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்பிடி ட்ராலர்களைக் கடற்படை வேலைக்கு இழுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தின் 'வயோலா'. இன்றும் முழு உடலோடு, தன் நீராவி எஞ்சினோடு, தென் அட்லாண்டிக் தீவு ஒன்றின் கரையில் கிடக்கிறது. இந்தக் கப்பலைப் பற்றியும் இதன் வகையைப் பற்றியும் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

வயோலா எப்போது, எங்கே கட்டப்பட்டது?

1906 ஜனவரியில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெவர்லி என்ற ஊரில். கட்டியது குக், வெல்ட்டன் அண்ட் ஜெம்மெல் என்ற கப்பல் பட்டறை. பெவர்லி கடற்கரை ஊர் அல்ல; ஹல் ஆற்றின் கரையில், உள்நாட்டில் இருக்கிறது. ஆறு மிகக் குறுகல். அதனால் கப்பலை நேராக இறக்க முடியாது, பக்கவாட்டில் சரித்துத்தான் தண்ணீரில் விடுவார்கள். ஒரு பெரிய அலை எழும்பி எதிர்க்கரையில் மோதும். பிறகு வெறும் உடலை இழுத்துக்கொண்டு ஹல் நகரத்துக்குப் போய், அங்கே எஞ்சினும் பாய்லரும் பொருத்துவார்கள்.

நீளம் சுமார் 33 மீட்டர். எஃகு உடல், நிலக்கரி பாய்லர், மூன்று சிலிண்டர் நீராவி எஞ்சின். ஹெல்லியர் என்ற மீன்பிடிக் கம்பெனி அப்போது ஏறக்குறைய 50 புதிய ட்ராலர்களைக் கட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களின் பெயர்கள்தான். நாடகத்து வயோலா கப்பல் உடைந்து கரை ஒதுங்கி, வேடம் மாற்றிப் பிழைத்துக்கொள்ளும் பெண். பெயர் வைத்தவருக்கு இந்தக் கப்பல் என்னென்ன வேடம் போடப்போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ட்ராலர் என்றால் நம்மூர் இழுவைமடி விசைப்படகுதானே?

அடிப்படை அதேதான். பை போன்ற பெரிய மடியைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போவது. மடியின் வாய் மூடிக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் கனமான பலகைகள். பலகையிலிருந்து கப்பலுக்கு இரண்டு இரும்புக் கம்பி வடங்கள். அவற்றைச் சுற்ற ஒரு வின்ச். வயோலாவில் வின்ச் நீராவியில் ஓடியது, மடி கப்பலின் பக்கவாட்டிலிருந்து இறக்கப்பட்டது. பின்பக்கமாக மடி இழுக்கும் முறை ரொம்ப காலம் கழித்து வந்தது.

இந்தக் கம்பி வடம், பலகை, வின்ச் மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்படைக்கு இந்தக் கப்பல்கள் தேவைப்பட்டதே இவற்றுக்காகத்தான்.

வட கடலில் இவர்கள் எப்படி மீன் பிடித்தார்கள்?

தனித்தனியாக அல்ல, கூட்டமாக. ஹல் ஊர்க்காரர்கள் இதைப் 'பெட்டிக் கூட்டம்' என்ற பொருளில் சொல்வார்கள். ஐம்பது கப்பல்கள் டாகர் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடல்பகுதிப் பக்கம் போய் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவருவது அவற்றின் வேலை இல்லை. தினமும் வேகமான ஒரு சரக்குக் கப்பல் வந்து எல்லோருடைய மீனையும் வாங்கிக்கொண்டு, நேராக லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு ஓடும். ட்ராலர்கள் ஐந்தாறு வாரம் கடலில் இருந்துவிட்டு, நிலக்கரி தீர்ந்தால்தான் ஊர் திரும்பும்.

சரி, ட்ராலரிலிருந்து சரக்குக் கப்பலுக்கு மீன் எப்படிப் போகும்? பெட்டிகளில் அடைத்து, திறந்த துடுப்புப் படகில் ஏற்றி, இரண்டு மூன்று பேர் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள். வட கடலில், ஜனவரி மாதத்தில். அலை ஏறும்போது படகு சரக்குக் கப்பலின் மேல்தட்டு உயரத்துக்கு வரும். அந்த நொடியில் பெட்டியைத் தூக்கி வீச வேண்டும். அடுத்த நொடி படகு கீழே போய்விடும். தவறினால் பெட்டி போகும், ஆளும் போவான். எத்தனையோ பேர் இப்படிப் போனார்கள். போர்க்காலத்து வீரக் கதைகளைச் சொல்பவர்கள் இந்தச் சமாதான கால வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

இன்னொரு விஷயம். இந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டு. அனுபவசாலியான ஒரு ஸ்கிப்பர் (நம்மூர் விசைப்படகில் ஸ்ராங்கு மாதிரி). அவரை 'அட்மிரல்' என்றே அழைத்தார்கள். எங்கே மடி இறக்குவது, எந்தத் திசையில் இழுப்பது, எப்போது தூக்குவது என்பதைப் பகலில் கொடி காட்டியும் இரவில் விளக்கும் வாணமும் காட்டியும் அவர் சொல்வார். ஐம்பது கப்பலும் அந்தச் சைகைக்குக் கட்டுப்பட்டு, ஒன்றோடொன்று மோதாமல், கம்பியும் மடியும் சிக்காமல் இருட்டில் ஓடும். கடற்படை இவர்களுக்கு அணிவகுப்பு கற்றுக்கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். கற்றுக்கொடுக்க அதிகம் மிச்சம் இருந்திருக்காது.

கடற்படைக்குச் சொந்தக் கப்பல் இருக்கும்போது மீன்பிடிக் கப்பல் எதற்கு?

1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போர்தான் காரணம். 1904 ஏப்ரல் 13 அன்று ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே ரஷ்யப் போர்க்கப்பல் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் கண்ணிவெடியில் மோதி, அட்மிரல் மக்காரோவோடு மூழ்கியது. ஒரே மாதத்தில், மே 15 அன்று, ஜப்பானின் ஹட்சுசே, யாஷிமா என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் அதேபோல் போயின. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கப்பலை ஒரு இரும்பு உருண்டை முடித்துவிடுகிறது என்பதை உலகமே பார்த்தது.

கண்ணிகளை வாரி எடுக்கத் தனியாகக் கப்பல் கட்டி, சமாதான காலம் முழுக்க அதைச் சும்மா நிறுத்திவைக்க எந்த அரசுக்கும் மனம் வராது. 1907இல் ஆங்கிலக் கால்வாயைக் காத்த கடற்படைப் பிரிவின் தளபதி லார்ட் சார்ல்ஸ் பெரெஸ்ஃபோர்டு ஒரு யோசனை சொன்னார்: போர் வந்தால் மீன்பிடித் துறைமுகங்கள் எப்படியும் முடங்கும், ட்ராலர்கள் சும்மா நிற்கும், அந்த ஆட்களுக்குக் கம்பி இழுப்பது தினப்படி வேலை, அவர்களையே எடுத்துக்கொள்ளலாமே. 1908இல் கிரிம்ஸ்பி ஊரின் ஆண்டீஸ், அல்கோமா என்ற இரண்டு ட்ராலர்களை வாடகைக்கு எடுத்துச் சோதனை செய்தார்கள். வேலை ஆனது. அதைத் தொடர்ந்து கடற்படை ரிசர்வில் ட்ராலர்களுக்கென்றே ஒரு பிரிவு வந்தது. மீனவர்கள் விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்து, ஆண்டுக்குச் சில நாட்கள் பயிற்சி எடுத்து, அதற்கு ஒரு தொகையும் வாங்கினார்கள். கப்பல் மட்டும் முதலாளியுடையது. போர் வந்தால் அரசு வாடகைக்கு எடுக்கும்.

மீனவர்களை முதலில் போர் தொட்டது 1914இல்தானா?

இல்லை. அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பே ஹல் மீனவர்கள் செத்திருக்கிறார்கள், அதுவும் அடுத்தவர் போரில். 1904 அக்டோபர் 21 இரவு, ஜப்பானோடு சண்டை போடக் கிளம்பிய ரஷ்யாவின் பால்டிக் கடற்படை டாகர் பேங்க் வழியாக வந்தது. அங்கே விளக்குப் போட்டுக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஹல் ட்ராலர் கூட்டத்தை ஜப்பானிய டார்ப்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டார்கள். வட கடலில் ஜப்பான்காரன் எப்படி வந்தான் என்று யாரும் யோசிக்கவில்லை. 'கிரேன்' என்ற ட்ராலர் மூழ்கியது. இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள், இன்னொருவர் பின்னர். பாரிஸில் விசாரணை நடந்து, ரஷ்யா 66,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. ஹல் நகரில் மீனவர்கள் வாழ்ந்த ஹெஸ்ஸில் ரோட்டில் இதற்கு ஒரு நினைவுச் சிலை உண்டு. அது திறக்கப்பட்டதும் வயோலா தண்ணீரில் இறங்கியதும் ஒரே ஆண்டு.

அந்தக் காலத்துக் கண்ணிவெடி எப்படி வேலை செய்தது?

கொம்பு முளைத்த இரும்பு உருண்டை. உள்ளே வெடிமருந்தோடு காற்றும் இருப்பதால் மிதக்கப் பார்க்கும். கீழே கடலடியில் ஒரு கனமான நங்கூரப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே கம்பி. கம்பியின் நீளத்தைச் சரியாக வைத்தால் உருண்டை தண்ணீர் மட்டத்துக்குச் சில அடி கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்.

கொம்புதான் சூட்சுமம். வெளியே மெல்லிய ஈயம், உள்ளே அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குழாய். கப்பல் மோதினால் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் கீழே இருக்கும் துத்தநாக-கார்பன் தகடுகளின் மேல் கொட்டும். அந்த நொடியில் அது ஒரு பேட்டரியாகிறது. மின்சாரம் பாய்ந்து வெடி. மோதும்வரை உள்ளே மின்சாரமே கிடையாது என்பதால், ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் 'சார்ஜ் இறங்கிப்போச்சு' என்ற பேச்சே இல்லை. கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான், வேறென்ன சொல்ல.

அதை மீன்பிடிக் கப்பல் எப்படி வாரியது?

இரண்டு ட்ராலர்கள் பக்கம் பக்கமாக, சுமார் 450 மீட்டர் இடைவெளியில், ஒரே வேகத்தில் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வடம், தொட்டில் மாதிரி வளைந்து தண்ணீருக்குள் தொங்கும். கம்பி மேலே வந்துவிடாமல் ஒரே ஆழத்தில் நிற்க, இரண்டு கப்பலின் பின்னாலும் ஆளுக்கொரு கனமான மரச்சட்டம். அதைப் பட்டம் என்றே சொன்னார்கள். காற்றில் பட்டம் மேலே ஏறுகிற மாதிரி இது இழுக்க இழுக்கத் தண்ணீரில் கீழே இறங்கும். மடியின் வாயைத் திறந்து வைக்கும் பலகைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

கம்பி கண்ணிவெடியின் நங்கூரக் கம்பியில் மாட்டும். அறுத்துக்கொண்டு போகும், அல்லது நங்கூரத்தோடு இழுத்துக்கொண்டு போகும். அறுந்தால் உருண்டை மேலே வந்து மிதக்கும். அப்புறம் தள்ளி நின்று துப்பாக்கியால் சுட வேண்டியதுதான். குண்டு ஓட்டை போட்டால் தண்ணீர் புகுந்து மூழ்கும், கொம்பில் பட்டால் வெடிக்கும். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற உருண்டையைச் சுடுவது அவ்வளவு எளிதல்ல, பல சமயம் ஒரு கண்ணிக்கு நிறையத் தோட்டா செலவாகும்.

இதில் எந்தப் பொருளும் மீனவனுக்குப் புதிதில்லை. வின்ச்சை விட்டுப்பிடிப்பது, கம்பி இறுகும்போது அதன் சத்தத்தை வைத்தே அடியில் என்ன மாட்டியது என்று ஊகிப்பது, பக்கத்துக் கப்பலோடு வேகம் ஒத்துப்போவது எல்லாம் அவன் சிறுவயதிலிருந்து செய்வது. மாட்டுவது மட்டும் மீன் இல்லை.

ஒற்றைக் கப்பலே தனியாக வாரும் முறை போர் முடிந்த சமயத்தில் வந்தது. அதைச் சோதித்துப் பார்த்த ட்ராலரின் பெயரால் 'ஒரோபெசா' முறை என்று அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அதுதான் வழக்கம்.

கப்பலில் என்ன மாற்றங்கள் செய்தார்கள்?

ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம்தான். மடியை இறக்கிவிட்டார்கள், வின்ச்சும் கம்பியும் அப்படியே இருந்தன. மீன் கொட்டி வைக்கும் அறையைக் கழுவி, ஆட்கள் படுக்கவும் சாமான் வைக்கவும் ஆக்கினார்கள். கழுவினாலும் வாடை போகுமா என்று கேட்காதீர்கள். முன்பக்கம் மேடை கட்டி ஒரு சிறு பீரங்கி, பின்னாளில் நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ்வெடிகள். பக்கத்தில் ஒரு கடற்படை எண், வயோலாவுக்கு 614. ஸ்கிப்பருக்குக் கடற்படையில் ஒரு பதவியும் சீருடையும் கிடைத்தன.

எவ்வளவு ஆபத்தான வேலை?

ட்ராலர் தண்ணீருக்குள் நாலு மீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கும். கண்ணிகளோ அதே ஆழத்தில்தான் நிற்கும். ஓதம் ஏறியிருக்கும்போது அவற்றின் மேலே மிதந்து போய்விடலாம்; வற்றும்போது நேராக மோதும். ஆகவே கடிகாரத்தையும் ஓதத்தையும் பார்த்தே வேலை. ஆனால் எதிரி எல்லாக் கண்ணியையும் ஒரே ஆழத்தில் போட்டுத் தருவதில்லையே.

மோதினால் தப்புவது கடினம். மீன் அறை பெரியது, நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது, தண்ணீர் புகுந்தால் சில நிமிடங்களில் கதை முடியும். இணைக் கப்பல்தான் மிதப்பவர்களைத் தூக்க வேண்டும்.

ஸ்கார்பரோ ஒரு நல்ல உதாரணம். 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் கப்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கார்பரோ, விட்பி, ஹார்ட்டில்பூல் ஊர்கள் மேல் குண்டு போட்டன. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அந்தச் சந்தடியில் 'கோல்பெர்க்' என்ற கப்பல் ஸ்கார்பரோ பக்கம் நூறு கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்று நாள் கழித்து ட்ராலர்கள் வாரப் போனபோது, சில நிமிடங்களுக்குள் பதினெட்டு கண்ணிகள் சுற்றிலும் வெடித்தன. 'ஒரியாண்டா' என்ற ட்ராலர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போகிற போக்கில் தண்ணீருக்குள் இறங்கியது. 'பாஸிங்' என்ற இன்னொன்று பலத்த சேதத்தோடு தப்பியது. மற்றவை வேலையை நிறுத்தவில்லை.

போர் முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ட்ராலர்கள் கடற்படை வேலையில் மூழ்கின.

டார்டனெல்ஸில் ட்ராலர் ஆட்கள் பயந்து திரும்பிவிட்டார்கள் என்கிறார்களே?

1915 மார்ச்சில் துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்தியைக் கப்பற்படையால் உடைத்துப் போக பிரிட்டனும் பிரான்சும் முயன்றன. உள்ளே கண்ணி வரிசைகள். கரையில் பீரங்கிகள், தேடுவிளக்குகள். கண்ணியை வார அனுப்பப்பட்டவை வட கடல் ட்ராலர்கள். ஜலசந்தியில் நீரோட்டம் எதிர்த்திசையில் பலமாக ஓடும். கம்பியையும் இழுத்துக்கொண்டு அதை எதிர்த்துப் போனால் ட்ராலர் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் நகரும். அந்த வேகத்தில், இரவில், தேடுவிளக்கு வெளிச்சத்தில், இரு கரையிலிருந்தும் குண்டு விழும்போது இவர்கள் வார வேண்டும். 'மான்க்ஸ் ஹீரோ' என்ற ட்ராலர் அங்கே கண்ணியில் போனது. சிலர் கம்பியை இறக்காமலே திரும்பியதும் உண்மை.

கண்ணியில் சாக நாங்கள் தயார், பீரங்கிக்கு நடுவே கம்பி இழுக்க நாங்கள் வரவில்லை என்பது அவர்கள் தரப்பு. சில அதிகாரிகள் அவர்களைக் கோழைகள் என்றார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: தவறு அனுப்பியவர்களுடையது. வேகம் போதாத கப்பலை, ராணுவப் பயிற்சி இல்லாத ஆட்களோடு, எதிரிப் பீரங்கிகளை அடக்காமல் அனுப்பினால் வேறு என்ன நடக்கும்? மார்ச் 8 அன்று 'நுஸ்ரெத்' என்ற சின்னத் துருக்கிக் கப்பல் எரென்கோய் விரிகுடாவில் போட்ட 26 கண்ணிகள் கண்ணில் படாமலே கிடந்தன. மார்ச் 18 அன்று பிரான்சின் பூவே, பிரிட்டனின் இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என மூன்று போர்க்கப்பல்கள் ஒரே நாளில் போயின. அதற்குப் பிறகுதான் டெஸ்ட்ராயர் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்களில் வாரும் கருவி பொருத்தினார்கள்.

வயோலா அந்தப் பக்கம் போகவில்லை.

அப்படியென்றால் வயோலா போரில் என்ன செய்தது?

1914 செப்டம்பரில் கடற்படை எடுத்துக்கொண்டது. முதலில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்டு தீவுகள், பிறகு வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்று முகம். கண்ணி வாருவது, ரோந்து, நீர்மூழ்கி தேடுவது என்று போர் முடியும்வரை வேலை இருந்தது. டைன் பக்கம் நிலக்கரிக் கப்பல்கள் ஓயாமல் போய்வரும் பாதை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரவில் வந்து கண்ணி போட்டுப் போகும். ட்ராலர்கள் காலையில் வாரும். திரும்ப இரவில் போடும். பெரும்பாலான நாட்கள் இப்படித்தான், எழுதுவதற்கு ஒன்றுமில்லாத நாட்கள்.

எழுதுவதற்கு உள்ளவை இரண்டு. 1918 ஆகஸ்ட் 13, விட்பி பக்கம் யூபி-30 என்ற நீர்மூழ்கியை முதலில் 'ஜான் கில்மன்' என்ற ட்ராலர் ஆழ்வெடியால் தாக்கியது. அப்புறம் ஜான் புரூக்கர், வயோலா, ஃபுளோரியோ சேர்ந்துகொண்டன. நீர்மூழ்கி மேலே வரவே இல்லை. உள்ளிருந்த 26 பேரும் இறந்தார்கள். செப்டம்பர் 29, நார்தம்பர்லாந்து கரைக்கு அப்பால் ஆர்-29 என்ற வான்கப்பல் யூபி-115ஐக் கண்டு தகவல் கொடுத்தது. ஔஸ், ஸ்டார் என்ற டெஸ்ட்ராயர்களோடு ட்ராலர்களும் வந்து ஆழ்வெடி போட்டன. வயோலாவும் அதில் இருந்தது. 39 பேர் இறந்தார்கள். போர் முடிய ஆறே வாரம் இருந்தது.

ஜான் கில்மன், ஜான் புரூக்கர் என்று ஆள் பெயரில் கப்பல்களா?

ஆமாம், அதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. வாடகைக் கப்பல்கள் போதாமல் போனதால் 1916 கடைசியில் கடற்படையே நூற்றுக்கணக்கில் ட்ராலர் கட்ட ஆர்டர் கொடுத்தது. புது வரைபடம் போட நேரமில்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த மூன்று மீன்பிடிக் கப்பல்களையே மாதிரியாக எடுத்தார்கள்: ராக்லன் காசில், லார்ட் மெர்ஸி, ஸ்ட்ராத்லாக்கி. காசில், மெர்ஸி, ஸ்ட்ராத் என்ற மூன்று ரகங்கள் இப்படி வந்தன. இத்தனை கப்பலுக்குப் பெயருக்கு எங்கே போவது? 1805 டிரஃபால்கர் சண்டையில் விக்டரி, ராயல் சாவரின் என்ற கப்பல்களில் இருந்தவர்களின் வருகைப் பதிவேட்டை எடுத்து, அதிலிருந்து பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். அட்மிரல்கள் பெயரில் கப்பல் விடுவது எங்கும் உண்டு. சாதாரண மாலுமிகளின் பெயரும் கப்பலில் ஏறியது இப்படித்தான்.

1918 நவம்பரோடு வேலை முடிந்ததா?

போர் முடிந்தது, கண்ணிகள் முடியவில்லை. ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே மட்டும் அமெரிக்காவும் பிரிட்டனும் சுமார் 70,000 கண்ணிகள் போட்டிருந்தன. 1919 முழுக்க வாரினார்கள். அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் ட்ராலர்கள் சிலவற்றை இரவல் வாங்கி ஓட்டினார்கள். அவற்றில் 'ரிச்சர்ட் பல்க்லி' 1919 ஜூலையில் கண்ணியில் மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள்.

வயோலா எப்படித் தென் அட்லாண்டிக் போய்ச் சேர்ந்தது?

ஹல்லுக்கு அது திரும்பவே இல்லை. போருக்குப் பின் நார்வேக்காரர்கள் வாங்கி 'கப்டூயன்' என்று பெயர் மாற்றினார்கள். பிறகு திமிங்கில வேட்டைக்கு மாற்றி, 'டியாஸ்' என்று இன்னொரு பெயர். 1927இல் ஓர் அர்ஜென்டினா கம்பெனி வாங்கி, தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விகன் திமிங்கில நிலையத்துக்குக் கொண்டுபோனது. அங்கே யானைச் சீல்களைப் பிடிக்கும் ஆட்களைக் கரை கரையாகக் கொண்டுபோய் விடுவதும், உரித்த கொழுப்பை எண்ணெய் ஆலைக்கு இழுத்து வருவதும் வேலை. நடுநடுவே ஆய்வுப் பயணங்களுக்கு உதவி, தெற்கு ஆர்க்னி தீவுகளில் இருந்த அர்ஜென்டினா வானிலை நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோவது.

1960களின் நடுவில் கிரிட்விகன் மூடப்படும்வரை ஓடியது. கணக்குப் பாருங்கள்: மீன் பிடித்தது எட்டு ஆண்டு, போரில் ஐந்து ஆண்டுக்குள், சீல் வேலையில் மட்டும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு. 'போர்க்கப்பல்' என்று தலைப்புப் போட்டுப் பத்திரிகைகள் எழுதும்போது இந்தக் கணக்கு காணாமல் போய்விடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் மறுபடி அழைத்தார்களா?

வயோலாவை அழைக்கவில்லை, அப்போது அது தெற்கே இருந்தது. ஆனால் பிரிட்டன் அதே வித்தையைத் திரும்பச் செய்தது. லோஸ்டாஃப்ட் ஊரில் ஒரு பூங்காவைத் தலைமையகமாக்கி, மீனவர்களையும் ட்ராலர்களையும் சேர்த்தார்கள். இந்தத் தடவை காந்தக் கண்ணிகளும் வந்துவிட்டதால் எஃகுக் கப்பல்களுக்குக் கூடுதல் தலைவலி. அந்தப் படையில் இறந்து, கல்லறை இல்லாமல் போன 2,300க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் லோஸ்டாஃப்ட் நினைவுத் தூணில் இருக்கின்றன.

1982 ஃபாக்லாந்து போருக்கும் இந்தக் கப்பலுக்கும் தொடர்பு உண்டா?

கிட்டத்தில் இருந்து பார்த்தது என்று சொல்லலாம். கிரிட்விகனில் கயிற்றால் கட்டி நிறுத்திய இடத்திலேயே 1974இல் வயோலா மூழ்கியிருந்தது. 1982 மார்ச்சில் அர்ஜென்டினாவின் பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் ஆட்கள் அதே தீவின் லீத் துறைமுகத்தில், கைவிடப்பட்ட திமிங்கில நிலையத்தை உடைத்து எடுக்க இறங்கினார்கள். கொடி ஏற்றினார்கள், தகராறு முற்றியது. ஏப்ரல் 3 அன்று கிரிட்விகன் விரிகுடாவில் துப்பாக்கிச் சண்டை, தீவு அர்ஜென்டினா கைக்குப் போனது; 25இல் பிரிட்டன் மீட்டது. இத்தனைக்கும் நடுவில் வயோலா அங்கேயே சேற்றில் கிடந்தது.

இந்தியாவுக்கு, இலங்கைக்கு இந்தக் கண்ணிப் போர் வந்ததா?

வந்தது. 1914இல் சென்னை மேல் குண்டு போட்ட எம்டனை எல்லோருக்கும் தெரியும். 'வுல்ஃப்' பற்றிப் பேசுவோர் குறைவு. சரக்குக் கப்பல் வேடத்தில் வந்த அந்த ஜெர்மன் கப்பல் 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணி போட்டது. கொழும்பு பக்கம் வூஸ்டர்‌ஷயர், பெர்ஸியஸ் என்ற இரண்டு கப்பல்கள் ஒரே வாரத்தில் மூழ்கின. எம்டன் சத்தம் போட்டது, வுல்ஃப் சத்தமே இல்லாமல் போட்டுவிட்டுப் போனது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலேயே ட்ராலர் உருவத்தில் கண்ணிவாரிக் கப்பல்கள் கட்டினார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் பாசெட் என்ற ட்ராலர் ரகம் மாதிரி. திருவாங்கூர், கொச்சி என்றெல்லாம் பெயர்கள். மீன் பிடிக்காத ட்ராலர்கள் அவை.

இன்று வயோலாவைப் பார்க்க முடியுமா?

2004இல் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சுத்திகரிப்பின்போது தண்ணீரை இறைத்து மிதக்கவைத்து, கரையோரம் ஏற்றிவிட்டார்கள். அண்டார்டிகா சுற்றுலாக் கப்பல்கள் கிரிட்விகனில் நிற்கும்போது கரையிலிருந்து பார்க்கலாம். துருப்பிடித்த உடல், ஆனால் எஞ்சின் உள்ளே அப்படியே இருக்கிறது. தன் நீராவி எஞ்சினோடு மிஞ்சியிருக்கும் ட்ராலர்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். அதன் பழைய மணி நார்வேயில் கண்டுபிடிக்கப்பட்டு ஹல் வந்துவிட்டது. கப்பலையும் ஒரு பெரிய தூக்குக் கப்பலில் ஏற்றி ஹல்லுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே ஓர் அறக்கட்டளை நிதி திரட்டிவருகிறது.

கொண்டுவர வேண்டுமா? அங்கேயே இருக்கட்டும், நாற்பது ஆண்டு உழைத்த இடம் அதுதானே என்பவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உப்புக்காற்றும் பனியும் நூறு ஆண்டு தாண்டிய எஃகுத் தகட்டை விட்டுவைக்காது. ஹல்லில் கூரைக்குக் கீழே வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வின்ச்சைத் தொட்டுப் பார்க்கலாம். என் ஓட்டு ஹல்லுக்கு. அதுவரை ட்ராலர் உள்ளே ஏறிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஹல்லின் ஆர்க்டிக் கோர்சேர், கிரிம்ஸ்பியின் ராஸ் டைகர் இரண்டும் உண்டு. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிற்காலத்து டீசல் கப்பல்கள், நீராவி எஞ்சினை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.